சைட்டில் பழகி வீடமைப்புத் துறைக்குள் போவது: கொழும்பில் நாலு வழி, எது யாருக்கு?

போன மாதம் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு வந்தார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்கா ஒருவரின் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு செய்து ஒரு சி, இரண்டு எஸ் எடுத்திருக்கிறான். பல்கலைக்கழகம் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. மாமா ஒருவர் தனக்குத் தெரிந்த கன்ட்ராக்டரிடம் டிரெய்னியாகச் சேர்த்துவிடுகிறேன் என்கிறார், அக்காவோ "ஒரு சர்டிபிகேட்டும் இல்லாமல் பிள்ளையை எப்படித் தம்பி சைட்டுக்கு அனுப்புறது?" என்று கேட்கிறார். இரண்டாவது, ஹட்டன் பக்கமிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தங்கை, கியூ.எஸ். (கட்டிட அளவையும் செலவுக் கணக்கும்) கோர்ஸுக்குப் பணம் கட்டுவதா, முதலில் வேலைக்குப் போவதா என்ற குழப்பத்தில் இருக்கிறார். மூன்றாமவர் பன்னிரண்டு வருடம் மேசன் வேலை செய்த அண்ணன், தனக்கு இனி ஏதாவது வழி உண்டா என்று கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போனில் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீடமைப்பு என்றதும் நம்மாட்களுக்கு இஞ்சினியர், கியூ.எஸ். இரண்டு பெயர்தான் ஞாபகம் வரும். வெள்ளவத்தையில் ஒரு அபார்ட்மென்ட் எழும்புவதற்குள் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று பாருங்கள். காணி தேடி, உறுதி சரியா என்று பார்க்க ஆட்கள். பிளான் போட்டு மாநகர சபையிலும் நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் அனுமதிக்காக அலைய ஆட்கள். கட்ட ஆட்கள், அளந்து பில் போட ஆட்கள், விற்க ஆட்கள். சனம் குடிவந்த பிறகு லிப்ட், தண்ணீர்த் தாங்கி, பராமரிப்புப் பணம் எல்லாவற்றையும் பார்க்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கும் ஆட்கள் வேண்டும். தொடர்மாடி உரிமைச் சட்டம் 1973இலேயே வந்துவிட்டது, ஆனாலும் அந்தக் கடைசிப் பகுதியில் முறையாகத் தேர்ந்த ஆட்கள் குறைவு என்பது என் கணிப்பு. ஆகவே "கட்டிடத் துறை" என்று சொல்லும்போது எந்தக் கதவைச் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

காசு முதல் கேள்வி. பயிற்சி நடக்கும் ஒன்று, இரண்டு, மூன்று வருடங்களுக்கு உங்கள் சாப்பாட்டையும் பஸ் காசையும் யார் பார்ப்பது? வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தால் பதில் ஒன்று, நீங்கள்தான் மூத்த பிள்ளை என்றால் பதில் வேறு.

அடுத்தது, முடிவில் கையில் கிடைக்கும் பேப்பர் அந்தக் கம்பனிக்கு வெளியே செல்லுமா என்பது. 2022இல் டொலர் இல்லாமல் போய், 50 கிலோ சீமெந்துப் பை 3,000 ரூபாயைத் தொட்டு, சைட்டுகள் ஒவ்வொன்றாக நின்றபோது என்னோடு வேலை செய்தவர்களில் சிலர் ஒரே மாதத்தில் கட்டாருக்கோ டுபாய்க்கோ விண்ணப்பித்தார்கள். சிலரிடம் ஐந்து வருட அனுபவம் இருந்தும் காட்ட ஒரு கடிதம்கூட இல்லை.

மூன்றாவது மொழி. கொழும்பு சைட்டில் பேச்சு சிங்களம், பேப்பர் இங்கிலிஷ். தமிழ் மட்டும் தெரிந்து வருபவர் முதல் ஆறு மாதத்தில் பாதியைக் காதில் வாங்காமலே விட்டுவிடுவார். எந்த வழியில் போனாலும் சிங்களம் பழகும் செலவை, அதாவது நேரத்தையும் கொஞ்சம் வெட்கத்தையும், கணக்கில் சேருங்கள்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம், ஆனால் எந்தக் கையேட்டிலும் இருக்காது: சைட்டில் உங்களுக்கு யார் சொல்லித்தருவார்? என் கதையைச் சொன்னால் விளங்கும். என் பயிற்சி மரைன் டிரைவ் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் சைட்டில், கம்பனி பெயர் வேண்டாம். முதல் மூன்று மாதம் நான் செய்தது பிளான் போட்டோகொப்பி எடுப்பதும் மதியம் லன்ச் பார்சல் எண்ணி வாங்கிவருவதும். பயிற்சிக் குறிப்பேடான லொக் புத்தகத்தில் மட்டும் "கொங்கிறீட் வேலையை அவதானித்தேன்" என்று வாரம் வாரம் எழுதுவேன், மேலே இருந்தவர்களும் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள். நாலாவது மாதம் ஒரு ஃபோர்மனிடம் தள்ளிவிட்டார்கள். சிங்கள ஆள், ஐம்பது வயது தாண்டியவர், எல்லோருக்கும் பாஸ் உன்னஹே, கைதேர்ந்த மேசனைச் சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தான். முதல் நாள் காலையில் 150 மில்லிமீற்றருக்கு வெட்டிய ஒரு பலகைத் துண்டைக் கையில் தந்து, சிலெப் முழுக்க நடந்து கம்பிக்குக் கம்பி வைத்துப் பார்க்கச் சொன்னார். துண்டு எங்கே லூசாக விழுகிறதோ அங்கே சோக்கால் கோடு. பிறகு கம்பிக்கு அடியில் கவர் பிளொக், அதாவது கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிப்பிடிக்கும் சின்னக் கட்டை, இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வைத்தார். கடற்காற்று அடிக்கிற இடத்தில் கவர், அதாவது கம்பியை மூடும் கொங்கிறீட், குறைந்தால் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதைப் பக்கத்துப் பழைய கட்டிடத்தின் பல்கனியைக் காட்டியே விளக்கினார், சீமெந்து உதிர்ந்து கம்பி செம்மண் நிறத்தில் தெரிந்தது. அந்த ஒரு காலையில் விளங்கியது அதற்கு முன் மூன்று மாதத்தில் விளங்கவில்லை.

அதனால் யாராவது "எந்த கோர்ஸ் நல்லது?" என்று கேட்டால், நான் முதலில் கேட்பது எந்த சைட், யாருக்குக் கீழே என்றுதான். சேரும் முன் ஒருநாள், முடிந்தால் கொங்கிறீட் போடுகிற நாளில், அந்த சைட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் டிரெய்னிப் பையன் கையில் டேப் இருக்கிறதா, பிளேன்டி ஃபிளாஸ்க் இருக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

## வழி 1: நைட்டா பயிலுனர்

தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, எல்லோரும் நைட்டா என்று சொல்வது, ராஜகிரியவில் தலைமை அலுவலகம். 1971இல் பயிலுனர் சபையாகத் தொடங்கியது. ஒரு தொழிலிடத்தில் உங்களைப் பயிலுனராக ஒப்பந்தம் போட்டுச் சேர்ப்பார்கள், வேலை செய்துகொண்டே பழகி, கடைசியில் மதிப்பீட்டுக்கு முகம் கொடுத்து என்.வி.கியூ. (தேசியத் தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்க வேண்டும். மேசன், தச்சு, குழாய் வேலை, மின்சாரம் எல்லாம் இதற்குள் வரும்.

காசு: கட்டணம் இல்லை, சிறு கொடுப்பனவு உண்டு, ஆனால் அதை நம்பி வாடகை கட்ட முடியாது. பேப்பர்: இதன் பலமே இதுதான். என்.வி.கியூ.வில் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்ட நிலை, அதற்கு ரத்மலானையில் யூனிவோடெக் என்ற தொழிற்கல்வித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே இருக்கிறது. சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைகூடக் கீழிருந்து ஏறலாம், ஏணி நீளம் என்றாலும் இடையில் உடைந்த படி இல்லை. சொல்லித்தருபவர்: முழுக்க முழுக்க சைட்டைப் பொறுத்தது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. சில இடங்களில் பயிலுனர் என்றால் குறைந்த செலவில் கிடைத்த கூலியாள் என்றே நினைப்பார்கள், ஒரு வருடம் முழுக்க மணல் சலிக்க விட்டால் மதிப்பீட்டு நாளில் கை நடுங்கும். அப்படி நடந்தால் நைட்டாவின் பரிசோதகர் வரும்போது வாயைத் திறந்து சொல்லுங்கள், ஒப்பந்தம் இருப்பதே அதற்குத்தான். மற்றது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "உயர்தரம் படிக்கவைத்தது மேசன் வேலைக்கா?" என்ற கேள்வியை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது, ஆனாலும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது பாரம்தான்.

யாருக்கு நல்லது: சாதாரண தரம் முடித்தவர்கள், உயர்தரத்தில் வேறு பிரிவு செய்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள், கை வேலையில் ஆசை உள்ளவர்கள். அந்த மேசன் அண்ணன் போன்றவர்களுக்கோ இன்னும் சுருக்கமான பாதை உண்டு. ஆர்.பி.எல். என்ற முறையில், ஏற்கெனவே தெரிந்த வேலையைச் செய்துகாட்டி நேரடியாக என்.வி.கியூ. எடுக்கலாம். பழைய வேலைகளின் போட்டோ, வேலை கொடுத்தவர்களின் கடிதம் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு ஃபைலில் போடத் தொடங்கச் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை வீடு கட்டினீர்கள் என்று கேட்டேன், எண்ணிப் பார்த்ததே இல்லையாம்.

## வழி 2: டிப்ளோமாவும் அதற்குள் வரும் பயிற்சியும்

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் நடத்தும் என்.டி.டி. (தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா) மூன்று வருடம், அதில் ஒரு வருடம் தொழிலகப் பயிற்சி. இடம் ஹோமாகமவைத் தாண்டி தியகமவில். மட்டக்குளியில் இருக்கும் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) பொறியியல் செய்யலாம், கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு அது ஒரு பஸ் தூரம். இரண்டும் அரசாங்கத்துடையவை, இங்கிலிஷ் மீடியம், உயர்தரப் பெறுபேறு வேண்டும். இதில் வேடிக்கை, இங்கே வரும் பயிற்சிக் காலத்தையும் கவனிப்பது பெரும்பாலும் அதே நைட்டாதான். எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த லொக் புத்தகம் உங்கள் கைக்கு வந்தே தீரும்.

காசு: படிப்புக்கு அதிகம் போகாது. ஆனால் மூன்று வருடம் வருமானம் இல்லை. 138 பஸ்ஸில் ஹோமாகம போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, மாலையில் திரும்பி வருவது ஒரு வருடம் தாக்குப்பிடிக்கும், பிறகு போர்டிங் எடுக்கத் தோன்றும். லெப்டொப் வேண்டும், ஓட்டோகேட் ஓடக்கூடிய லெப்டொப் இன்னும் விலை. அரச நிறுவனங்களில் பேட்ச் தள்ளிப்போகும் கதை இந்த நாட்டில் யாருக்கும் புதிதில்லை, மூன்று வருடம் என்று சொன்னால் மனதுக்குள் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர்: டெக்னிக்கல் ஒபீசர் (டி.ஓ.) வேலைக்கு, உள்ளூரிலும் வளைகுடாவிலும், விளக்கம் சொல்லாமலே செல்லும். மொழி: வகுப்பிலேயே சிங்கள நண்பர்கள் கிடைப்பார்கள். சொல்லித்தருபவர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பயிற்சி இடத்தை ஒதுக்கும் வரை சும்மா இருந்துவிட்டு, கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். நான் செய்ததும் அதுவே. பயிற்சிக்கு ஆறு மாதம் முன்பே நல்ல சைட்டுகளைத் தேடி நீங்களே போய்க் கேளுங்கள், இடம் கிடைத்த பிறகு நிறுவகத்துக்கும் நைட்டாவுக்கும் சொல்லி ஒழுங்குசெய்யலாமா என்று பாருங்கள். பெரிய பெயர் வேண்டும் என்று அலைய வேண்டாம், அத்திவாரத்திலிருந்து கூரை வரை கண்ணால் பார்க்கக் கிடைக்கும் சின்ன சைட் பயிற்சிக்கு மேல்.

யாருக்கு: கணிதப் பிரிவில் பாஸ், வீட்டில் மூன்று வருடம் சமாளிக்கலாம் என்றால் இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை.

## வழி 3: நேரே கம்பனிக்குள் டிரெய்னி, மாலையில் படிப்பு

இது மாமா சொல்லும் வழி. கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் போவதும் இந்த வழியில்தான், தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டால் நேர்முகப் பரீட்சைகூட இல்லை.

முதல் மாதமே சம்பளம் வரும், அதுதான் இதன் கவர்ச்சி. டிரெய்னி என்றோ தற்காலிகம் என்றோ சொன்னாலும் முதல் நாளிலிருந்தே ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டும்: உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளியே 3 வீதம். "புரொபேஷன் முடியட்டும் பார்ப்போம்" என்று சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

படிப்புக்கும் வழி இருக்கிறது. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893இலிருந்து இருக்கிறது, நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்பவர்களுக்கென்றே நடக்கிறது, கியூ.எஸ். ஆக நினைப்பவர்களுக்கு அவர்களுடைய தொழில் நிறுவகத்தின் வகுப்புகள் கொழும்பு 7இல் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், சைட்டில் கொங்கிறீட் இரவு ஒன்பது மணிக்கு முடிந்தால் ஆறு மணி வகுப்பு அந்த நாளைக்கு இல்லை. மாதத்துக்கு இரண்டு தடவை இப்படி நடந்தால் வருடக் கடைசியில் பரீட்சையும் இல்லை. சேரும்போதே "சனிக்கிழமை வகுப்பு, ஓவர்டைம் வரமாட்டேன்" என்று கடிதத்தில் எழுதி வாங்குபவர்கள் படித்து முடிக்கிறார்கள். வாய்ச் சொல்லை நம்புபவர்களில் பாதிப்பேர் நடுவில் விட்டுவிடுகிறார்கள். இது நான் பார்த்த கணக்கு.

இன்னொன்று கம்பனியின் அளவு. கட்டுமானக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை, அதாவது சீடா, கன்ட்ராக்டர்களைத் தரம் பிரிக்கிறது. சீ 1 மேலே, சீ 9 கீழே, சீ 1க்கும் மேலே இரண்டு விசேட தரங்கள். பெரிய தரக் கம்பனியில் சேர்ந்தால் முறை பழகுவீர்கள், ஆனால் ஒரு வருடம் முழுக்க டைல் அளக்க மட்டும் விடலாம். சின்ன கன்ட்ராக்டரிடம் காலையில் சீமெந்து இறக்கி, மதியம் லெவல் பிடித்து, மாலையில் பில் எழுதி, இடையில் அயல் வீட்டுக்காரரின் மதில் சண்டையையும் தீர்த்துவைப்பீர்கள். முதல் இரண்டு வருடத்துக்குச் சின்ன இடம், அதற்குப் பிறகு பெரிய இடம் என்பது என் விருப்பம். இதை எதிர்க்கும் நண்பர்கள் எனக்கு உண்டு, சின்ன இடத்தில் பழகிய தப்பு கையை விட்டுப் போகாது என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது.

கியூ.எஸ். பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். எஸ்.எல்.எஸ். 573 என்ற இலங்கைத் தர அளவை முறையை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதலாம், ஆனால் விலை ஏறும்போது கன்ட்ராக்டருக்கு எவ்வளவு கூட்டிக் கொடுப்பது என்ற சீடா சூத்திரத்தை அலுவலகத்தில்தான் படிப்பீர்கள். மாதாமாதம் வரும் விலைச் சுட்டெண்களை எடுத்து, சீமெந்துக்கு எவ்வளவு, கம்பிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு பில்லுக்கும் போட வேண்டும். 2022இல் விலை வாரத்துக்கு வாரம் ஓடியபோது இந்தக் கணக்கு தெரிந்த டிரெய்னிகளுக்குத் தூக்கமே இல்லை, ஆனால் அவர்களை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை.

மறைவான செலவுகளில் பெரியது பொண்ட், வேலையை விட்டுப் போகாமல் கட்டிவைக்கும் ஒப்பந்தம். "உன்னைப் பழக்குகிறோம், மூன்று வருடம் போகக்கூடாது" என்று கையெழுத்து வாங்கும் இடங்கள் உண்டு. பழக்குவது என்றால் என்ன, யார், எந்தக் கோர்ஸுக்குக் காசு கட்டுகிறார்கள் என்று எழுத்தில் இல்லாவிட்டால் போடாதீர்கள். அப்புறம் சைட் மாற்றம். கொழும்பு என்று சேர்ந்து ஆறு மாதத்தில் ஹம்பாந்தோட்டைக்கு அனுப்பினால் மருதானை வகுப்பு என்ன ஆவது? பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று, பேசக் கூச்சப்பட்டு யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை: சைட்டில் ஒழுங்கான கழிவறை இருக்கிறதா, இரவு வேலை முடிந்தால் வாகனம் இருக்கிறதா. ஹட்டன் தங்கையிடம் இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்கச் சொன்னேன். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் மற்ற விஷயங்களும் அப்படித்தான் இருக்கும்.

யாருக்கு: உடனே சம்பளம் தேவைப்படுபவர்கள், வீட்டில் யாரும் தள்ளிவிடாமல் தானாகப் புத்தகத்தை எடுக்கும் குணம் உள்ளவர்கள். இரண்டாவது இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்தும் டிரெய்னிதான், பெயர் மட்டும் அசிஸ்டன்ட் என்று மாறியிருக்கும்.

## வழி 4: அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும்

1979இல் வந்த தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை, அதற்கு முந்தைய வருடம் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபை, இரண்டும் இந்தத் துறையின் பெரிய வீடுகள். பயிற்சிக் காலத்துக்கு உள்ளே போகலாம், நிரந்தர வேலைக்கு வெற்றிடம் அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் இதன் செலவு. வயதெல்லை ஓடிக்கொண்டே இருக்கும், அரசாங்கம் மாறினால் திட்டத்தின் பெயரும் மாறும்.

ஆனால் இங்கே ஒரு வேலை இருக்கிறது, தனியார் சைட்டில் கிடைக்காது. 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தின் அடிப்படையே, அரசாங்கம் கட்டித் தராமல் சிறு கடனும் ஆலோசனையும் கொடுத்து, சனமே கட்டுவது. இந்தியா வடக்கு கிழக்கில் கொடுத்த வீடுகளில் பெரும்பாலானவையும் அந்த முறைதான்: ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய், கட்டக் கட்டத் தவணை தவணையாக. ஒவ்வொரு தவணைக்கும் முன் போய், அத்திவாரம் சரியா, சுவர் நேரா என்று பார்த்து, ஏன் இன்னும் தவணை வரவில்லை என்று வீட்டுக்கார அம்மாவுக்கு விளக்க ஒருவர் வேண்டும். அந்த இடத்தில் தமிழ் பேசத் தெரிந்த டி.ஓ.தான் ராஜா. மலையகத்தில் எழும்பும் வீடுகளுக்கும் இப்படியான ஆட்கள் வேண்டும், மண்சரிவு பயத்தால் காணியைப் பரிசோதித்த பிறகே கட்ட முடியும் என்பதால் வேலையும் நுணுக்கமானது. தொண்டு நிறுவன வேலை ஒப்பந்தக் காலத்தோடு முடிந்துவிடும் என்பது மட்டும் குறை, பெரிய குறைதான்.

இதை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். வழி 2 அல்லது 3இல் இரண்டு வருடம் இருந்துவிட்டு, சனத்தோடு பேசப் பிடிக்கும் என்று தெரிந்தால் இந்தப் பக்கம் வாருங்கள். ஹட்டன் தங்கைக்கு இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது, அவரோ கொழும்பை விட்டுப் போக மனமில்லை என்கிறார். சரி, அது அவர் முடிவு. இப்போதைக்கு ஒரு கியூ.எஸ். அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, முதல் சம்பளத்தோடு வார இறுதிக் கோர்ஸுக்குப் பதிவதாகச் சொல்லியிருக்கிறார், கோர்ஸ் முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அக்காவின் மகன் விஷயம். அவன் எச்.என்.டி.க்கும் என்.டி.டி.க்கும் விண்ணப்பிக்கிறான், அழைப்பு வர எப்படியும் மாதக்கணக்காகும். அதுவரைக்கும் வீட்டில் போனோடு இருக்காமல் மாமா சொன்ன கன்ட்ராக்டரிடம் போகட்டும், பொண்ட் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். சொந்தமாக ஒரு சீ.ஆர். புத்தகம், அதாவது தடித்த அட்டைக் கொப்பி, வாங்கி, அன்றன்றைக்கு என்ன அளந்தான், யார் சொல்லித்தந்தார், எது பிழைத்தது என்று எழுதச் சொன்னேன். பிறகு வரப்போகும் லொக் புத்தகத்தை நான் நிரப்பிய மாதிரி அவன் நிரப்ப வேண்டியதில்லை. நேற்று அக்கா போன் எடுத்தார். முதல் வாரத்திலேயே ஆறு பக்கம் எழுதிவிட்டானாம், கையெழுத்துத்தான் ஒருவருக்கும் விளங்கவில்லையாம்.